பன்னிரண்டு கிண்ணம் சாயமும் ஒரு சொற்போரும்

நாவன்மை உடையவனுக்கு நேரக்கூடிய பேராபத்து, எதிராளி அவனை வெல்வதன்று. அவன் தன் வாதத்தைத் தானே நம்பிவிடுவதுதான். இவ்வுண்மையை நான் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. கண்டி மாநகரிலே, ஒரு சனிக்கிழமைப் பிற்பகலிலே, இருநூறு பேர் பார்த்திருக்க, மேடைமீது நின்று அறிந்தேன். (இருநூறு என்பது என் கணக்கு. வந்திருந்தது அறுபது பேர்தான் என்று என் அக்காள் இன்றும் சாதிக்கிறாள். அவமானப்படுகிறவன் கண்ணுக்குக் கூட்டம் பெருத்துத்தான் தெரியும்.)

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். மாலைதோறும் மலைச்சரிவில் நின்று, தேயிலைச் செடிகளைச் சபையோராகப் பாவித்துப் பிரசங்கம் செய்வேன். அச்செடிகள் ஒருநாளும் எனக்கு மறுப்புச் சொன்னதில்லை. ஆகையால் இலங்கைத் தீவில் என்னை மறுக்கவல்லார் எவருமில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

கண்டியில் ஒரு தமிழ்ச் சபையார் சொற்போர் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். பொருள்: ‘தேநீர் மனிதனின் உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மையே செய்யும்’. ஆம் என்று வாதிட நான். இல்லை என்று வாதிட அலவத்துகொடையைச் சேர்ந்த மிளகு வியாபாரியின் மகன் ஹனீபா. நடுவராக அமர்ந்தவர் யாழ்ப்பாணத்துப் புரொக்டர் ஒருவர், கோர்ட்டில் வழக்காடுபவர். வெல்பவனுக்குத் தம் கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம் தருவதாக அவர் வாக்களித்திருந்தார். தோற்றால் என் கதி என்ன என்பதும் தீர்மானமாகியிருந்தது. தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் வேலைக்கு அத்தான் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் சொல்லி வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தராசின் முன் நிற்க வேண்டும்.

தராசா, கந்தோரா? மூன்று வாதங்களை இரும்புத் தூண்கள்போல் நாட்டி வைத்தேன். தேநீர் இதயத்தை அமைதியுறச் செய்கிறது. தேநீர் கையை உறுதியாக்குகிறது. தேநீர் சிந்தனையை ஒரே நேர்கோட்டில் செலுத்துகிறது. இரண்டாவது வாதத்துக்கு ஒரு செயல்விளக்கமும் வைத்திருந்தேன்: விளிம்புவரை நீர் நிறைந்த கண்ணாடித் தம்ளரை நீட்டிய உள்ளங்கையில் ஏந்தியபடி, ஒரு துளியும் சிந்தாமல், ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொல்லி முடிப்பது. நாற்பது தடவை பழகியிருந்தேன்.

சனிக்கிழமை காலை, பதற்றத்தில் சோறு இறங்கவில்லை. தொழிற்சாலையில் அத்தானைப் பார்த்து ஆசி பெற்றுப் போகலாம் என்று சென்றேன். அங்கே தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கருக்கு உதவியாளர் அவர். சுவை பார்க்கும் நேரம். நீண்ட மேசைமேல் பன்னிரண்டு வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு தூளின் கடுஞ்சாயம், பாலும் சீனியும் காணாதது. அத்தான் கரண்டியால் அள்ளி, விசில் அடிப்பதுபோல் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்தில் இருந்த சட்டியில் துப்பினார். எனக்கும் ஒரு கரண்டி தந்தார். நான் விழுங்கினேன்.

“மாப்புள, முழுங்காதீங்க. துப்பணும்!”

“ஏன் அத்தான்? நல்லதைத் துப்புவதா?”

“நல்லது கெட்டது எல்லாம் நாக்கோட நிக்கணும். உள்ள போனா அது வேற வேலைய ஆரம்பிச்சிரும்.”

அதற்குள் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தின் பட்டை கழன்றுவிட்டதென்று ஆள் வந்து அழைக்க, அவர் ஓடினார். நானும் பன்னிரண்டு கிண்ணங்களும் தனித்திருந்தோம். என் தர்க்க மூளை வேலை செய்தது. ஒரு கோப்பை தேநீரால் பேச்சு ஒரு பங்கு துலங்குகிறது. இது என் அனுபவம். அப்படியாயின் பன்னிரண்டு கோப்பையால் பன்னிரண்டு பங்கு துலங்கும், இது கணிதம். தேநீர் நன்மையே செய்யும் என்று மேடையில் முழங்கப் போகிறவன் அதைச் சட்டியில் துப்புவானாகில், அவன் கொள்கை என்னாவது? கிண்ணங்களை வரிசைப்படி எடுத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். (பிற்பாடு துரை வந்து வெறுங்கிண்ணங்களைப் பார்த்து அத்தானிடம் என்ன சொன்னார் என்பதை அச்சில் போட முடியாது.)

பேருந்தில் அக்காளும் துணைக்கு வந்தாள். முதல் அரைமணி நேரம் பேரின்பம். உலகமே கழுவித் துடைத்தாற்போல் தெரிந்தது. சொற்கள் கேளாமலே வந்து வரிசையில் நின்றன. கம்பளையை நெருங்கும்போது அவை வரிசையை விட்டு முண்டியடிக்கத் தொடங்கின. நெஞ்சுக்குள் யாரோ தப்பு அடித்தார்கள். விரல்கள் என் உத்தரவின்றியே துள்ளின.

“தம்பி, கொஞ்சம் மூச்ச விட்டுட்டுப் பேசு. நானும் ஒங்கூட சேர்ந்து மூச்சு முட்டிப் போறேன்.”

“நான் நிதானமாகத்தான் பேசுகிறேன் அக்கா! பேருந்துதான் மெதுவாகப் போகிறது!”

இவ்விடத்தில் இன்னொரு உண்மையையும் மறைப்பதற்கில்லை. அச்சாயம் வாய்வழியே மட்டும் ஊக்கமளிப்பதன்று. மூன்று வளைவுகளில் பேருந்தை நிறுத்தச் செய்து புதருக்குப் பின்னால் ஓடினேன். நான்காம் முறை எழுந்தபோது நடத்துநர் கைகூப்பினார்.

“ஐயா, இந்த பஸ்ஸு கண்டிக்குப் போகுது. நீங்க ஒவ்வொரு புதருக்கும் போறீங்க. அதுக்கு நடந்தே போயிருக்கலாமே!”

மண்டபத்தில் என் பெயர் அழைக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு நிமிடம். பத்தாம் நிமிடத்தில் எச்சரிக்கை மணி. ‘அவைத்தலைவர் அவர்களே’ என்று தொடங்கியதுதான் என் நினைவில் தெளிவாக உள்ளது. மூன்று தூண்களும் அவற்றின் உவமைகளும் முடிவுரையும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுந்து தீர்ந்தன. மணி அடிக்கவில்லை. மணிக்காரர் உறங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். அவர் வாய் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையில் ஆகியிருந்தது மூன்றரை நிமிடம். எனக்கோ ஒரு யுகமே கழிந்தாற்போல் இருந்தது.

நிறுத்த முடியவில்லை. வேறென்ன செய்வது? மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

“தேநீர் இதயத்தை அமைதிப்படுத்துகிறது!” என்று கையை மார்பில் வைத்தேன், உள்ளே அடித்த அடிக்குக் கை எகிறியது. “சிந்தனையை நேர்கோட்டில் செலுத்துகிறது!” என்றேன், அவ்வாக்கியம் மகாவலி கங்கையில் இறங்கி, பாலத்தில் ஏறி, ரயில் கட்டணத்தில் போய் நின்றது. “கையை உறுதியாக்குகிறது! காண்பீராக!” என்று தம்ளரை ஏந்தினேன். கால்வாசி நீர் என் நீளக் கோட்டிலும், கால்வாசி மேசை விரிப்பிலும், எஞ்சியது புரொக்டரின் தலைப்பாகையிலும் தஞ்சம் புகுந்தன. நெற்றி வியர்வை சொட்ட, தாடை கிடுகிடுக்க, வெறுந்தம்ளரை ஏந்தியபடி நான் வெற்றிப் புன்னகை பூத்தேன்.

அப்போது ஹனீபா எழுந்தார். கையில் கனமான கடுதாசிக் கட்டு. அதை மெல்ல மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“சபையோரே, நா நெறய எழுதிக்கொண்டு வந்தன். இப்ப ஒண்டும் வாசிக்கத் தேவல்ல. தேத்தண்ணி மனிசன என்ன செய்யுமெண்டு கேட்டீங்க. இந்தா, இவரப் பாருங்க.”

உள்ளங்கையை என்பக்கம் நீட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரை ஓடுகள் அதிர்ந்தன என்றால் அது என் உயர்வுநவிற்சியே. ஆனால் பெண்கள் பக்கத்தில் முதலில் சிரித்தவள் என் அக்காள் என்பது வரலாறு.

புரொக்டர் தலைப்பாகையைப் பிழிந்தபடி கேட்டார்: “தம்பி, நீர் முதலிலை இரும். இண்டைக்கு எத்தினை கோப்பை குடிச்சனீர்?”

“பன்னிரண்டு ஐயா.”

“ஹனீபா, உம்மடை சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தாச்சு. முந்தியைவிடப் பலமாக் கிடக்கு.”

உத்தியோகம் அந்த இடத்திலேயே போயிற்று. வாசற்படியில் நடுங்கிக்கொண்டிருந்த என்னிடம் ஹனீபா ஒரு செவ்விளநீரை வெட்டிக் கொண்டுவந்து தந்தார். “குடிங்க மச்சான். இது ஒண்டும் செய்யாது.” பகைவனின் கையிலிருந்து வாங்கலாகாது என்று எண்ணினேன், ஆனால் நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது. குடித்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் உடல் துவண்டது. கண்ணை மூடினால் இமைகள் மட்டும் தனியே சொற்போர் நடத்தின.

திங்கட்கிழமை தராசின் முன் நின்றேன். மூன்று ஆண்டுகள் கொழுந்து நிறுத்தேன். பின்னரே கலகெதரையில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே பிள்ளைகள் என்னை மறுத்துப் பேசுகிறார்கள்.

ஹனீபா என் உற்ற நண்பரானார். என் திருமணப் பந்தலில் அவரை வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். எழுந்தார், சபையைப் பார்த்தார், உள்ளங்கையை என்பக்கம் நீட்டினார், உட்கார்ந்தார். புசல்லாவையார் அனைவரும் விழுந்து விழுந்து சிரிக்க, ஒன்றும் விளங்காத மணப்பெண் காரணம் கேட்டாள். அக்காள் மணமேடையிலேயே முழுக் கதையையும் சொல்லி முடித்தாள்.

அன்று தொட்டு எங்கள் இல்லத்தில் சொற்போர் இல்லை. நான் எதையேனும் மூன்று தூண்கள் நாட்டி நிறுவ முற்பட்டால், என் மனைவி மறுத்துரைப்பதே கிடையாது. அக்கம்பக்கத்தார் யாரேனும் இருந்தால் அவர்களை நோக்கி, இல்லையேல் சுவரை நோக்கி, உள்ளங்கையை என்பக்கம் நீட்டிக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நான்கு ஆண்டுகளாகச் சிந்திக்கிறேன். அதற்கொரு மறுப்புரை இன்னும் எனக்கு அகப்படவில்லை.