ஓரகத்தியின் சொத்தைப் பல்

எனக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார், அதுவும் ஆதாரத்தோடு. நகை, புடவை, கார் என்று எல்லோரும் பொறாமைப்படுகிற விஷயங்களோடு நான் நின்றிருந்தால் பரவாயில்லை. நான் என் ஓரகத்தியின் சொத்தைப் பல்லைப் பார்த்தே பொறாமைப்பட்டவள்.

ஓரகத்தி கலைவாணி, என் கொழுந்தனின் மனைவி. அவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். நாங்கள் குன்னத்தில் உரக்கடை வைத்திருக்கிறோம். (இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துப் படித்தாலே என் நிலைமை புரிந்துவிடும்.) போன் செய்தால் கலைவாணி விலைவாசியைத்தான் சொல்வாள்.

"கறிவேப்பில ஒரு கொத்து வாங்கக்கூட யோசிக்க வேண்டியிருக்குக்கா. இவருக்கு முடி வெட்டுற காசுல நம்மூர்ல ஒரு வாரத்துக்குக் காய் வாங்கிடலாம்."

எனக்கு அது புலம்பலாகவே கேட்காது. அத்தனை காசு கொடுத்து முடி வெட்டிக்கொள்கிறோம் என்று பெருமை அடிப்பதாகத்தான் கேட்கும். போனை வைத்ததும் கொல்லையில் சும்மா வளர்ந்து நிற்கும் எங்கள் கறிவேப்பிலை மரத்தை முறைப்பேன். காசு கொடுக்காமல் கிடைக்கிற பொருளில் என்ன கௌரவம் இருக்கிறது?

போன வருஷம் மகளுக்குக் காது குத்த அவர்கள் பன்னிரண்டு நாள் லீவில் வந்தார்கள். ஆண்டிமடம் பக்கத்தில் குலதெய்வக் கோயில். எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று "வாங்க, வாங்க" என்று வரவேற்பது மூத்த மருமகளான என் வேலை. இருபது வருஷமாக அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டதில்லை. சிங்கப்பூர்க்காரி அதைப் பறித்துவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை.

வந்த மறுநாளே அவர்கள் பெரம்பலூர் டவுனுக்குக் கிளம்பினார்கள். கொழுந்தனுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், கலைவாணிக்கு எட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டும், அப்புறம் பல் டாக்டர். அங்கே செலவு தாங்காது என்று வருஷம் முழுக்க வந்த கோளாறுகளைச் சேர்த்துவைத்து இங்கே வந்துதான் பார்ப்பார்களாம். நானும் கூடவே போனேன். கலைவாணியைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, முகத்துக்கு நேராக விளக்கைப் போட்டு, மூன்று பல்லைக் குடைந்து அடைத்தார்கள். கொழுந்தன் பக்கத்திலேயே நின்று, "வலிக்குதா வாணி, வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விதான் என்னைக் கொன்றது. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது என் வீட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "சோறு ஆக்கியாச்சா?"

வெளியே வந்த கொழுந்தன் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். "நீங்களும் பல்லு எதாவது பாக்கணுமா அண்ணி? நான் குடுத்துடுறேன்."

"ஆமா தம்பி, ரொம்ப நாளாவே வலி" என்றேன். கரும்பைக் கடித்துத் துப்புகிற வாய் எனக்கு. வலி என்றால் என்னவென்றே தெரியாது.

அவர்கள் தையல்காரரிடம் போய்விட, நான் நாற்காலியில் ஏறிப் படுத்தேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "கடைசிப் பல்லு கோணலா இருக்குங்க. வலி இல்லைன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். வலிச்சா எடுத்துடலாம்" என்றார். எடுத்துவிட்டால் கலைவாணியைவிட நான் பெரிய நோயாளி ஆகிவிடுவேன்.

"தூக்கமே இல்லைங்க சார்" என்றேன்.

"நாலு நாளு வீங்கும். வீட்டுல விசேஷம் எதுவும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லைங்க." (காதுகுத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.)

விசேஷத்தன்று காலையில் கண்ணாடியைப் பார்த்தால் என் இடது கன்னத்தில் இட்லி ஒன்றை அடக்கி வைத்ததுபோல் இருந்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. இருந்தாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு கோயில் வாசலில் போய் நின்றேன். வருகிறவர்களைப் பார்த்து நான் சொன்ன "வாங்க", மாடு உறுமுவதுபோல் வெளியே வந்தது.

உடையார்பாளையத்து அத்தைகள் இருவர் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

"பெரிய மருமவ வாயத் தொறந்து ஒரு வார்த்த வாங்கன்னு சொல்ல மாட்டேங்குறாளே."

"கொழுந்தன் வூட்டு விசேஷம்ல. வயித்தெரிச்சலு. மொகத்தப் பாத்தாத் தெரியல?"

மறுத்துப் பேச வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் என்ன சொல்வது? அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதற்குள் கலைவாணி ஓடிவந்து, "நீங்க உக்காருங்கக்கா, நான் பாத்துக்குறேன்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். இருபது வருஷப் பதவி ஒரு நொடியில் போனது. ஊரே கறி விருந்து சாப்பிட்டது. நான் ஆறிய பால் குடித்தேன்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் கலைவாணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்புடிக்கா இத்தன நாளு வலியப் பொறுத்துக்கிட்டீங்க? எனக்கு எட்டு மாசமா வலி. அங்க பல்லுக்குக் குடுத்தா அந்த மாசம் ரூம் வாடகைக்குத் துண்டு விழும். ஓனரம்மா வூட்டுல ஒரே ஒரு ரூமுலதான் மூணு பேரும் இருக்கோம். தாளிக்கக் கூடாதும்பாங்க. கிராம்பக் கடிச்சிக்கிட்டே வேலைக்குப் போவேன். ஒங்கள நெனச்சா பொறாமையா இருக்கும்க்கா. வலிச்ச ஒடனே பஸ் ஏறி டாக்டர்கிட்டப் போயிடலாம்."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, சந்தோஷம். என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுகிறாள். பிறகுதான் வெட்கம் வந்தது. தாளிக்கக்கூட முடியாத வீட்டிலிருந்து மிச்சம் பிடித்த காசில் வலிக்காத பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். பல்லைக் கடித்தபடியே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் தன் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் சொந்தபந்தத்தோடு ஊர் திரும்புவதற்குள் வேன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

கலைவாணி அடைத்துக்கொண்ட மூன்று பல்லும் இன்றைக்கும் அவள் வாயில் பத்திரமாக இருக்கின்றன. பறிகொடுத்தவள் நான் மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் யாராவது அடுத்தவர் பொருளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தால் "எந்தப் பல்லு?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

போன மாதம் எதிர்க்கடைக்காரர் புதுக் கார் வாங்கினார். என் வீட்டுக்காரர் கையில் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாகக் கிட்டே போய்க் கேட்டேன்.

"மேலயா, கீழயாங்க?"