சென்சாருக்குக் காட்டிய சூடம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் என் வாய் தானாக "ஆங்" என்று சொல்லிவிடும். புரிந்ததா? ஆங். தெரியுமா? ஆங். முடித்துவிட்டாயா? ஆங். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் "புரியுதாடா?" என்று கேட்ட நாளில் ஆரம்பித்தது இது. (அந்த "ஆங்"கை நம்பித்தான் பாவம், அவர் பரீட்சை வைத்தார். பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடமும் நானும் சண்டை போடாமல் பிரிந்துவிட்டோம்.)

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற சாலையில் நாகரத்தினம் அக்காவின் பால் சென்டர் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து ஜனம் கேனில் கொண்டுவரும் பாலைப் பெரிய ஸ்டீல் டேங்கில் ஊற்றிக் குளிரவைப்போம். கம்பெனி டேங்கர் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நான் அங்கே மோட்டார் ஓட்டுபவன், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுபவன், டேங்க் கழுவுபவன், ஃபியூஸ் போனால் போடுபவன், ஃபியூஸ் போனதற்குத் திட்டு வாங்குபவன். (எனக்கு விசிட்டிங் கார்டு அடித்தால் பின்பக்கத்திலும் அடிக்கவேண்டும்.)

போன வருடம் கம்பெனி ஒரு புதுச் சட்டம் போட்டது. எந்த சென்டர் டேங்கில் பால் எவ்வளவு குளிராக இருக்கிறது என்று கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆபீசில் உட்கார்ந்தபடியே எந்த நேரமும் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு பெட்டி மாட்டவேண்டும். பெட்டி ஒழுங்காகப் பேசினால் நம்மிடம் பால் எடுப்பார்கள். முதல் நாளே சொதப்பினால் பள்ளிப்பட்டுப் பக்கம் வேறு சென்டரைப் பார்த்துக்கொள்வார்கள். அக்கா தனியாளாக நின்று நடத்துகிற இடம் அது. கம்பெனி போனால் கதவுக்குப் பூட்டுதான்.

வந்து சேர்ந்தது செங்கல் அளவில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. தலையில் வரி வரியாகப் பள்ளம், பக்கத்தில் ஆன்டெனா என்று இரண்டு கொம்பு. எட்ஜ் கம்ப்யூட்டர் என்று பெயர். மாட்டிவிட ஆள் வரவில்லை. கோயம்புத்தூரில் பெட்டி செய்கிற இடத்திலிருந்து பிரியா மேடம் என்கிற இன்ஜினியர் போனில் சொல்லச் சொல்ல, நான் செய்யவேண்டும்.

"அண்ணா, டேங்க்ல இருக்கற சென்சார் பாலோட சூட்டைப் பார்த்துப் பெட்டிக்குச் சொல்லும்ங். பெட்டி அதை இங்கயே சரிபார்த்து கிளவுடுக்கு அனுப்பும். கிளவுடுன்னா வேற ஊர்ல இருக்கற பெரிய பெரிய கம்ப்யூட்டருங்க, அவ்வளவுதான். நெட்டு போச்சுன்னா பெட்டியே கணக்கை வச்சிருந்து அப்புறம் அனுப்பிக்கும். புரிஞ்சுதுங்ளா?"

"ஆங், மேடம்."

(இது மட்டும் நிஜமாகவே புரிந்தது. நம் வீட்டில் நடப்பதை எல்லாம் பார்த்துவைத்து, உடனே நாலு இடத்துக்குச் சொல்லும் ஆள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.)

அந்தப் பெண்ணின் பொறுமைக்குக் கோயில் கட்டலாம். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றி மாட்டினேன், கோபப்படவில்லை. சிம் கார்டைத் தலைகீழாகச் செருகினேன், "பரவால்லைங்ணா, எடுத்துத் திருப்பிப் போடுங்" என்றாள். பெட்டியின் மேல் இருந்த கட்டம் போட்ட ஸ்டிக்கரைப் போனில் ஸ்கேன் செய்யச் சொன்னபோது, முதலில் என் மூஞ்சிதான் திரையில் வந்தது. அதற்கும் சிரிக்கவில்லை. கடைசியில் பெட்டிக்கு எங்கள் சென்டர் பெயரை வைத்து அழுத்தினோம். ஆரஞ்சு விளக்கு கொஞ்ச நேரம் கண்ணடித்தது. பிறகு பச்சை! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் பாஸான முதல் பரீட்சை.

"சூப்பருங்ணா! கிளவுடுல வந்திருச்சு. சென்சாரை டேங்க்ல சொருகியாச்சுங்ளா? சொருகிட்டீங்கன்னா இப்பவே கம்பெனிக்காரங்க பார்க்கற மாதிரி திறந்துவிட்டுருவேன்."

"ஆங், மேடம்."

சென்சார் என் கையில் இருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. டேங்கின் பக்கவாட்டில் அதற்கென்று ஒரு குழாய் இருக்கிறது, அதில் செருகினால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. செருகியது மாதிரிதான். ஆனால் அதற்கு முன்னால் முக்கியமான ஒரு வேலை பாக்கி இருந்தது. புது மிஷினுக்குப் பூஜை போடாமல் எவனாவது ஓட்டுவானா? எங்கள் ஊரில் மிக்ஸி வாங்கினாலே பொட்டு வைத்துவிட்டுத்தான் சட்னி. இது கம்பெனியோடு பேசுகிற பெட்டி!

அன்றைக்குக் கிருத்திகை வேறு. இந்தப் பெட்டி நன்றாக ஓடவேண்டும் என்றுதான் அக்காவே மலைக்குப் போய் வரிசையில் நின்றிருந்தார். சென்டரில் நான் மட்டும். பெட்டியின் தலையில் இருந்த வரிப்பள்ளங்களில் சந்தனத்தை வழித்துப் பூசினேன். கொம்பு இரண்டிலும் மல்லிச்சரம் சுற்றினேன். அப்புறம் சென்சாரைப் பார்த்தேன். பளபளவென்று ஒரு சாண் ஸ்டீல் கம்பி, நுனி மெலிந்து நேராக நிற்கிறது. திருத்தணியில் பிறந்தவன் கண்ணுக்கு அது வேறு எப்படித் தெரியும்? வேல்!

ஒரு எலுமிச்சம்பழத்தில் நுனி மேலே பார்க்க அதை நட்டேன். வெற்றிலைமேல் நிறுத்தி, விபூதி பூசி, குங்குமம் வைத்தேன். வயர் பாட்டுக்குப் பெட்டிவரைக்கும் நீண்டு கிடந்தது. சூடத்தை ஏற்றினேன். ஒரு சின்ன வில்லை போதும். கம்பெனி விவகாரமாயிற்றே என்று கை நிறையக் கொட்டினேன். பெட்டிக்குச் சுற்றி, வேலுக்குச் சுற்றி, தட்டை வேலின் காலடியிலேயே வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன்.

"முருகா, இந்தப் பொட்டி நல்லா பேசணும்பா."

பேசியது. ஒரே நேரத்தில் எல்லோரோடும் பேசியது.

முதலில் அக்காவின் போன். "டேய் தணிகா! இன்னாடா ஆச்சு? பாலு தொண்ணூறு டிகிரின்னு என் போன்ல ஒருத்தி மிஷின் கொரல்ல கத்திக்கினு கீறா! சாமி கிட்ட வர்ற நேரம்டா, லைன்ல அல்லாரும் என்னையே பாக்குறாங்க! நெருப்பு கிருப்பு பத்திக்கிச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நல்லா கீது."

"நல்லா கீதா? அவ நிறுத்தவே மாட்டேன்றாடா!"

அடுத்தது பாஷா பாய். அரக்கோணத்துக்காரர், கம்பெனி டேங்கரை ஓட்டுபவர். "இன்னா தணிகா, உங்க செண்டருக்குப் போவாத, நேரா பள்ளிப்பட்டுக்குப் போன்னு போன்ல வந்துகீது. பாலு கொதிக்குதாமே? நான் ஓட்றது பால் வண்டிப்பா, டீ வண்டி இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேங்கர் வராவிட்டால் காலைப் பால் டேங்கிலேயே நிற்கும். மாலைப் பாலை ஊற்ற இடம் இருக்காது. கேனோடு வருகிற ஜனத்துக்கு என்ன சொல்வது? அதைவிட, முதல் நாளே கம்பெனி கைகழுவிவிட்டால் அக்கா கதி?

புத்தி உள்ளவன் சென்சாரைத் துடைத்து டேங்கில் செருகியிருப்பான். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது, சூடு என்றுதானே புகார், சூட்டைக் குறைப்போம். மோர் பாக்கெட் வைக்கிற ஃப்ரிட்ஜைத் திறந்து, மேல்தட்டு ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வயரோடு சென்சாரையும் எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துத் திணித்துக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிரியா மேடம் கூப்பிட்டாள். குரலில் ஒரு நிதானம். அந்த நிதானம்தான் பயமாக இருந்தது.

"அண்ணா, உங்க பாலு இப்பத்தான் கொதிச்சுது. இப்ப ஐஸ் ஆயிருச்சுங். என்ன மாடுங்ணா அது?"

"மேடம்..."

"வீடியோ கால் போடுங்ணா."

போட்டேன். பெட்டியைக் காட்டினேன். சந்தனக் காப்பும் மல்லிச்சரமுமாக மணப்பெண் மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினேன். ஐஸ் நடுவே எலுமிச்சம்பழம், அதில் திருநீறு பூசிய சென்சார். அந்தப் பக்கம் படம் ஆடியது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அந்தப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "கும்பிட்டு முடிச்சாச்சுங்ளா?"

"ஆங்."

"நெஜமாவேங்ளா?"

"சத்தியமா, மேடம்."

"சரி. ஈரத்துணியில கம்பியை நல்லாத் துடைச்சு டேங்க்ல சொருகுங். சொருகறதை எனக்குக் காட்டுங். அப்புறம் பெட்டி மேல இருக்கற சந்தனத்தை வழிச்செடுங். சூடு வெளிய போறதுக்குத்தான் அந்தப் பள்ளம். அதை அடைச்சா பெட்டியும் கொதிக்கும்ங்."

துடைத்தேன், செருகினேன், காட்டினேன். கேன் கழுவுகிற பிரஷால் பெட்டியைத் தேய்த்தேன். மேடம் பார்த்துச் சொன்ன எண் மெல்ல ஏறிப் பாலின் நிஜமான குளிரில் வந்து நின்றது. பால் காலையிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போனது என் மானம் மட்டும்.

ஆனால் சிக்கல் தீரவில்லை. நடந்ததற்குக் காரணம் கேட்டுக் கம்பெனியிலிருந்து பிரியா மேடத்துக்கு மெசேஜ் வந்திருந்தது. பதில் போனால்தான் டேங்கர் திரும்பும்.

"மேடம், சென்சார் ரிப்பேர்னு எழுதிடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"அப்படி எழுதுனா, புது சென்சார் வர்ற வரைக்கும் உங்ககிட்ட பால் எடுக்க மாட்டாங்கங்ணா. நடந்ததையே எழுதிர்றேன்."

"சூடம் காட்னேன்னா? கம்பெனில அல்லாரும் படிப்பாங்களே!"

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா. நெற்றியில் பாதி விபூதி, கையில் உடைக்காத தேங்காய். தரிசனம் கிடைக்கிற நேரத்தில் வரிசையை விட்டு இறங்கி ஓடிவந்திருக்கிறார். டேங்கைப் பார்த்தார். சந்தனம் ஒழுகிய பெட்டியைப் பார்த்தார். வெற்றிலை, சூடத்தட்டு, ஐஸில் நனைந்த எலுமிச்சம்பழம், கடைசியாக என்னை.

"ஏன்டா, வேல் பாக்கணும்னா மலைக்கு வந்திருக்கலாம் இல்ல? நான் கோயிலுக்குப் போனா, நீ இங்க தனியா ஒரு கோயில் கட்டிக்கினு கீற!"

தலையைக் குனிந்து நின்றேன். இன்றோடு சீட்டு கிழிந்தது என்று நினைத்தேன். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"யம்மா, நான்தான் ஓனரு. கம்பெனிக்கு உண்மையவே எழுது. எங்க ஆளு பக்தில பொட்டிக்குச் சூடம் காட்டிட்டான், பாலுக்கு ஒண்ணும் ஆவலன்னு எழுது. இன்னா கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

"எங்க ஆளு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் டேங்க் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

பாஷா பாய்க்குப் போன் போட்டேன். பள்ளிப்பட்டை நெருங்கியிருப்பார் என்று பயம். "நானா? ஆர்.கே.பேட்டை டீக்கடைல கீறேன். உங்கக்கா பாலு ஒரு நாளும் கெட்டதில்ல, இன்னிக்கு மட்டும் எப்டி கொதிக்கும்? ஒரு டீ குடிச்சிட்டுப் பாக்கலாம்னு நிறுத்தினேன். இப்ப ரெண்டாவது டீ. சீக்கிரம் கம்பெனில சொல்லவைப்பா, வவுறு ஊதுது."

அன்றைக்கு அந்த மனிதர் டீ குடிக்காமல் போயிருந்தால் என் கதை வேறு.

பிரியா மேடம் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள். நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெகு நேரம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு வரி வந்தது. மேடம் அதைப் படித்துக்காட்டினாள். "பூஜை முழுமையாக முடிந்துவிட்டதா என உறுதிப்படுத்தவும்."

"முடிஞ்சிடுச்சு!" என்று அக்காவும் நானும் போட்ட கூச்சலில் மேடத்துக்குக் காது அடைத்திருக்கும்.

டேங்கர் வந்தது. பாஷா பாய் மூடியைத் திறந்து தன் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். முகர்ந்தார். "குளிர் கரீட்டா கீது. ஏலக்காய் வாசனைதான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லி என் முதுகில் ஒன்று வைத்தார். பால் ஏறியது. கம்பெனியும் இன்றுவரை எங்களை விடவில்லை. அக்கா அந்தத் தேங்காயை அங்கேயே டேங்க் வாசலில் உடைத்தார். ஒரு கீற்று எனக்கும் கிடைத்தது.

ஆயுத பூஜை வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பிரியா மேடம் கூப்பிட்டாள்.

"அண்ணா, உங்களை நெனச்சுத்தான் ஒண்ணு பண்ணுனேனுங். எல்லா சென்டர்லயும் பூஜை போடுவாங்கல்லங். போன் திரையில இனிமே 'பூஜை'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுத்துனா கொஞ்ச நேரம் அலாரம் அடிக்காது. பூஜை நடக்குதுன்னு கம்பெனிக்கு மட்டும் தகவல் போயிரும்ங்."

எத்தனையோ சென்டரில் அந்தப் பட்டன் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன் செய்த கூத்துக்காக, படித்த ஒரு பெண் உட்கார்ந்து செய்தது. திட்டியிருக்கலாம், புகார் எழுதியிருக்கலாம். அவளுக்கு இப்படித் தோன்றியது. நன்றி என்றேன், "அய்யே, போங்ணா" என்றாள்.

இதை வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னதுதான் வினை. இப்போதெல்லாம் சாம்பாரில் உப்பு இல்லை என்று நான் குரலை உயர்த்தினால் என் சம்சாரம் அம்சா பதில் பேசுவதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் நெற்றி நடுவில் பொட்டு வைக்கிற இடத்தில் ஆள்காட்டி விரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். மாமியார் வீட்டு ஜனம் மொத்தமும் உட்கார்ந்திருந்தாலும் அழுத்துவாள்.

"கொஞ்ச நேரத்துக்கு இது கத்தாது. நீங்க அல்லாரும் சாப்பிடுங்க" என்பாள்.

நானும் கத்துவதில்லை. மேடம் செய்த பட்டன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.