மொட்டை மாடியில் நாற்பது சுற்று

இனிமேல் சரசாவிடம் பொய் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். எனக்குப் பதில் ஒரு சென்சார் சொல்லட்டும்.

எனக்குச் சர்க்கரை இருநூற்று முப்பது. தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். சரசா அதை மொட்டை மாடியில் நாற்பது சுற்று என்று மாற்றினாள். காலையில் அடுப்பை விட்டுவிட்டு இரண்டு மாடி ஏறி வந்து பார்க்க அவளால் முடியாது. நடந்தேன் என்று நான் சொல்வதை நம்பவும் முடியாது. இருபத்தாறு வருஷக் குடித்தன அனுபவம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வேலையே இதுதான். மெஷின்களில் சூடு, அசைவு எல்லாவற்றையும் உணர்கிற சென்சார் பொருத்துவேன். இன்னது நடந்தால் இன்னதைச் செய் என்று அதற்குச் சொல்லிவைப்பேன். பேரிங் சூடானால் கிளவுடில் இருக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி எழுது. நேரம், சூடு, மெஷின் நம்பர். வரி விழுந்துவிட்டால் மானேஜர் நம்பிவிடுவார். மெஷின் பக்கம் அவர் வந்ததே கிடையாது.

முகப்பேரில் எங்கள் மொட்டை மாடித் தொட்டிச் சுவரில் ஒன்றைப் பொருத்தினேன். ஆள் கடந்தால் ஒரு வரி. சரசாவின் போனில் அந்த வரிகள் விழும் பட்டியலைத் திறந்து காட்டினேன். சமையலறையிலிருந்தே எண்ணினாள். மூன்று நாள் உண்மையாகவே நடந்தேன். பிறகு முட்டி ஒத்துழைக்க மறுத்தது.

நாலாம் நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து சென்சார் முன்னால் துண்டை ஆட்டினேன். கை வலித்தது. ஐந்தாம் நாள் விதியையே மாற்றினேன். ஆள் கடந்தால் என்று இருந்ததை, மணி ஐந்தே முக்கால் ஆனால் என்று ஆக்கினேன். அதிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு வரி. நாற்பதில் நிறுத்து. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலையே திருடன் மாதிரி கடந்து டீக்கடைக்குப் போனேன். கீழ் வீட்டு எத்திராஜுக்கும் சர்க்கரை. மசால் வடையைப் பிட்டபடி, தனக்கும் ஒன்று மாட்டித் தரச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. இருநூற்று நாற்பத்தைந்து.

திட்டு வாங்கத் தயாராக நின்றேன். சரசா திட்டவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டை நாலாக மடித்தாள்.

"நடக்கறதுல ஒரு கொறையும் இல்ல. ஒரு நாள் உடாம நாப்பது. அப்போ சோறுதான் காரணம்."

அன்றைக்கே சோறு நின்றது. டிபன் பாக்ஸில் கேழ்வரகுக் களி. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தாள். அதை அவள் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட, நான் எதிரில் களியோடு உட்கார்ந்திருந்தேன். நடக்கவில்லை என்று சொன்னால் சோறு வரும், மானம் போகும். சொல்லாவிட்டால் மானம் மிஞ்சும். அதைத் தொட்டுக்கொண்டு களி தின்னலாம். பதினோரு நாள் தின்றேன்.

பன்னிரண்டாம் நாள் முடியவில்லை.

"சரசா, நான் நடக்கல."

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"மழ பேஞ்ச அன்னிக்கு. நீங்க என் எதிர்ல குந்திகினு காபி குடிக்கிறீங்க. போன்ல இருவத்தேழாவது ரவுண்டு ஓடிகினு கீது."

குரலில் கோபம் இல்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதே கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் நான் இன்னொரு பொய் சொல்வேன், அதை வேறு உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும், களி கொடுத்தால் தானாக வெளியே வரும் என்றாள்.

வந்துவிட்டதே, சோறு போடு என்றேன். போடுவதாகச் சொன்னாள். ஆனால் எதிர் ஃப்ளாட் கனிமொழி ஐ.டி.யில் வேலை செய்கிறவள். அவளைக் கூட்டிப்போய் முந்தின நாளே எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. இப்போது சென்சார் இரண்டு. மாடியின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. இரண்டையும் கடந்தால்தான் ஒரு வரி. பாஸ்வேர்டு புதிது. நாற்பதாவது வரி விழுந்தால் சரசாவின் போனில் மணி அடிக்கும்.

"மணி அடிச்சா ஒல வைப்பேன். அடிக்கலன்னா வைக்க மாட்டேன். நீங்க மெஷினுக்குப் போடற ரூலுதான்."

நேற்று முப்பத்தெட்டோடு உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் கம்பெனியில் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

களி.