எதிர்வீட்டுக்குப் போய்த் திரும்பிய தக்காளித் தொட்டிகள்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, அடங்காத தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். மகன் வீட்டில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன குறை? போனில் பேசலாம் என்றால் உன் மகன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். "சித்தி, சத்தமா பேசுங்க, எல்லாரும் கேட்கறோம்" என்கிறான். எல்லாரும் கேட்கிற மாதிரி நான் என்னத்தைப் பேசுவது? அதனால்தான் இந்தக் கடிதம்.

"இனிமே இங்கேயே இருந்துடலாம்னு பார்க்கறேன், மாடியில இருக்கிற செடியெல்லாம் யாருக்காவது குடுத்துடு" என்று போன வாரம் சொன்னாய். நல்ல முடிவுதான். நீ அங்கேயே இரு. இந்த வெயிலில் இங்கே மனுஷி இருப்பாளா? மத்தியானம் டேங்க் தண்ணீரைத் திறந்து மிளகாய்ச் செடிக்கு ஊற்றினேன். செடி வாடவில்லை, வெந்தே போய்விட்டது. காலமெல்லாம் வார்டில் நர்ஸாக இருந்தவள், மற்றதையும் சாக விடுவேனா? ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றி மாடியில் நிழலுக்குக் கட்டினேன். ரொம்ப மோசமாக இருந்த தக்காளியைக் கீழே கொண்டுவந்து உன் கட்டில்மேல் வைத்து, பழைய பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, டியூப் மாட்டி, சொட்டுச் சொட்டாக டிரிப்ஸ் ஏற்றினேன். திரையில்லாத ஜன்னல் வழியாக எதிர்வீட்டு டீச்சருக்குத் தெரிந்தது பாட்டிலும் டியூபும், பக்கத்தில் தலைவிரிகோலமாக நானும்தான். ரொட்டியும் ஆரஞ்சுமாக ஓடி வந்துவிட்டாள். "அக்கா எப்ப வந்தாங்க? உடம்புக்கு என்ன?" என்று மூச்சு வாங்கக் கேட்கிறாள். "அக்கா வரலை டீச்சர், தக்காளி" என்று சொல்லிக் கட்டிலைக் காட்டினேன்.

சரி, அக்கா சொல்லைத் தட்டக்கூடாது என்று அத்தனை தொட்டியையும் டீச்சருக்கே கொடுத்துத் தலைமுழுகினேன். மறுநாள் விடிந்ததும் என் கால் பேச்சுக் கேட்குதா? வாளியோடு அவள் வீட்டு வாசலில் நிற்கிறேன். மத்தியானம் இலையைத் தொட்டுப் பார்க்கப் போனேன். சாயங்காலம் அவள் வீட்டுத் திரையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். "செடியக் குடுத்தீங்களா, இல்ல நீங்களே குடிவந்துட்டீங்களா?" என்று கேட்டு, அத்தனை தொட்டியையும் அவளே தூக்கிவந்து நம் மாடியில் வைத்துவிட்டுப் போனாள். நல்லவள். சிரித்துக்கொண்டேதான் போனாள்.

பொழுது எப்படியோ போகுதுக்கா. ஃபேனை மூணுல வை, அஞ்சுல வைன்னு சண்டை போட ஆளில்லை. நான் ஆசைப்பட்ட மாதிரி அஞ்சுலயே வெச்சுக்கிட்டு தூக்கம் வராம கிடக்கறேன். இத்தனை வருஷம் ஜெயிக்கணும்னு மல்லுக்கட்டினது இதுக்குத்தானா? போகட்டும், அதையெல்லாம் எழுதி உன் மனசைக் கலைக்க மாட்டேன். செடிகளுக்கு வேறு நல்ல இடமாகப் பார்க்கிறேன். நீ நிம்மதியாக அங்கேயே இரு.

மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு. பேத்திக்கு ஆயுசு நூறு. பெரியவளான உனக்கு நான் ஆசி சொல்ல முடியாது. வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தங்கை

பி.கு.: மேலே "அங்கேயே இரு" என்று வருகிற இடங்களை மட்டும் விட்டுவிட்டு, கடிதத்தை மறுபடியும் ஒரு தரம் படி. மகனிடம் என்ன காரணம் சொல்வது என்று முழிக்காதே. தங்கச்சியால தனியா இருக்க முடியலைன்னு சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.