கலெக்டர் பிடித்த செருப்பு

நல்லகாமனின் இடதுகால் செருப்பு இன்றைக்கும் கலெக்டர் வசம் போய்விட்டது. முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே அதை வைத்துக்கொண்டு, கிட்டே வந்தால் தெரியும் சேதி என்று உறுமிக்கொண்டிருந்தது.

கலெக்டர் என்பது நாய். ஆனிமேரி வைத்த பேர். மகன் ஜினோ கலெக்டராவான் என்று நம்பியிருந்தாள். அவனோ கம்ப்யூட்டர் படித்துப் பெங்களூருக்குப் போய்விட்டான். பேர் வீணாகக் கூடாதென்று நாய்க்குட்டிக்கு வைத்துவிட்டாள். இப்போது ஆனிமேரியும் இல்லை. நாகமலை புதுக்கோட்டை வீட்டில் அவள் புருசன், ரிட்டயர்டு வாத்தியார் இன்னாசிமுத்துவும் கலெக்டரும்தான் மிச்சம். ஆனிமேரியைக் கொண்டுபோன அதே கொரோனா இவர் மூக்கையும் கெடுத்துவிட்டது. ரசம் கருகினால்கூட வாசம் தெரியாது. தெரிந்தாலும் யாரிடம் சொல்ல?

அந்த வீட்டுப் படியேறுகிற ஒரே ஆள் அடுத்த தெரு நல்லகாமன். அவர் வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஆள் நிறைய, ஆளுக்கொரு செல்போன். சாயங்காலமானால் இங்கே வந்து பழங்கதை பேசிவிட்டுப் போவார். அந்த மனுசன் செருப்பைத்தானா இந்தச் சனியன் பிடித்து வைக்க வேண்டும்? வெறுத்துப்போய் அவரும் வராமல் நின்றுவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் மனுசக்குரல் ஏது?

வாத்தியார் முதலில் விளக்குமாற்றை எடுத்தார். கலெக்டர் செருப்போடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அது அசந்து தூங்கும்வரை இரண்டு பெரியவர்களும் டீயைக் குடித்துக்கொண்டு காவல் இருந்தார்கள்.

"விடுங்க வாத்தியாரே, வாயில்லாச் சீவன். எனக்கென்ன அவசரம்?" என்றார் நல்லகாமன்.

எம்புட்டுப் பெரிய மனசு என்று வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து, கால்நடை டாக்டர் சூரியபிரகாஷுக்குப் போன் போட்டார். பிடுங்கவே கூடாது சார் என்றார் டாக்டர். பிடுங்கப் பிடுங்க, இது ஏதோ பெரிய சொத்து போலிருக்கு என்று அது இன்னும் இறுக்கிக்கொள்ளுமாம். அதைவிட ருசியாக ஒன்றைத் தள்ளிப் போட்டு, நாய் அங்கே நகர்ந்ததும் செருப்பை எடுத்துவிட வேண்டுமாம். கறித்துண்டு என்றால் உத்தமம்.

தவக்காலத்தில் கறிக்கு எங்கே போக? விபூதிப் புதனிலிருந்து அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. வாத்தியாருக்குச் சுத்தபோசனம் என்றால் கலெக்டருக்கும் சுத்தபோசனம், பால்சோறுதான். அதனால் கறிக்குப் பதில் பிஸ்கட் போட்டார். கலெக்டர் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, அவர் குனிவதற்குள் ஓடிவந்து செருப்பின்மேல் உட்கார்ந்தது. செருப்புக்குப் பிஸ்கட் உண்டு என்று தெரிந்துபோனதால் மறுநாள் வலதுகால் செருப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

செருப்பு வைக்க உயரத்தில் பலகை அடித்தார். நல்லகாமன் மறந்து மறந்து கீழேயே கழற்றிவிட்டார். வயசானால் ஞாபகம் அப்படித்தான் என்று வாத்தியார் பரிதாபப்பட்டார்.

கடைசியில் புதுச்செருப்பே வாங்கிவந்து, நல்லகாமன் படியேறும் முன்பே கொடுத்துவிட்டு, பல்லுப் பதிந்த பழசைக் குப்பைத்தொட்டியில் போட்டு மூடினார். என்ன அதிசயம், கலெக்டர் புதுசை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. குப்பைத்தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தது. அன்றைக்கு நல்லகாமன் கொஞ்சநேரம் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு "அப்ப நான் வாரேன்" என்று டீ ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார். வாத்தியார் டிவியைச் சத்தமாக வைத்தார். சத்தம் இருந்தது, ஆள் இல்லை.

மறுநாள் கலெக்டர் புதுச்செருப்பின்மேலும் பாய்ந்தது. ஐயோ என்று வாய் சொன்னாலும் வாத்தியாருக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. நண்பர் செருப்பில்லாமல் தவிக்க, நாம் சந்தோசப்படுவதா? மனசைக் கல்லாக்கிக்கொண்டார். கோயிலில் பழக்கமான ஆன்சனுக்குக் கீழக்குயில்குடியில் தோப்பு இருந்தது, அங்கே நாயை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து நல்லகாமனிடமும் சொன்னார்.

நல்லகாமன் முகம் செத்துப்போனது. "இருந்துட்டுப் போகட்டுமே, வாத்தியாரே" என்றார். கிளம்பிப் போனவர் மறுநாள் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கோபித்துக்கொண்டார், இதற்குத்தானே பயந்தோம் என்று வாத்தியார் மருகிப்போனார்.

நாயை ஏற்றிப்போக ஆட்டோ வந்து நின்றது. கலெக்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீயும் போயிட்டா எனக்கு யாருடா இருக்கா" என்று அவர் அழுதுகொண்டிருந்தபோது, நல்லகாமனின் மருமகள் முத்துமீனா கேட்டைத் திறந்து வந்தாள். மாமா ரெண்டு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், சோறு இறங்கவில்லை, என்ன நடந்தது என்று கேட்டாள்.

வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிரு தாயி. இந்த நாயி அவரை இம்புட்டுப் பாடுபடுத்திருச்சு. இன்னையோட அனுப்பிடறேன்."

முத்துமீனா ஆட்டோவையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நாயி என்ன சார் பண்ணுச்சு? எங்க மாமால்ல தெனமும் கருவாட்டை எடுத்துச் செருப்புல தேய்ச்சுக்கிட்டு உங்க வீட்டுக்குக் கிளம்பி வாராரு."