ராகிக் கொல்லையில் மிதந்த விமானக் கப்பல்

ஓசூருக்குக் கடல் இல்லை என்று இனி எவரும் வாய் திறக்க முடியாது. இருக்கிறது. அதன் கரையில் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்தவன் நான். ஐம்பதுகளின் நடுவில் அதை அங்கே கொண்டுவந்து சேர்த்த பெருமை 'வணிகக் கப்பல் வான்தள மாற்று ஆலோசனைக் குழு'வையே சாரும். அந்தப் பெயரை மூச்சு வாங்காமல் சொல்லப் பழகியதற்கே எனக்குச் சம்பள உயர்வு கொடுத்திருக்கலாம்.

குழுவின் சித்தாந்தம் மிக எளிது. விமானம் தாங்கிக் கப்பல் வாங்கினால் கஜானா தாங்காது. சரக்குக் கப்பல் சல்லிசு. எனவே கோதுமை ஏற்றும் கப்பலின் வரைபடத்தை எடுத்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அறைகளை ரப்பரால் அழித்துவிட்டு, தட்டையாக ஒரு தளம் வரைந்துவிட வேண்டியது. சமாதானம் என்றால் மூட்டை ஏற்றலாம், சண்டை என்றால் விமானம் இறக்கலாம். ரப்பர் வாங்க உடனே அனுமதி கிடைத்தது.

குழுத் தலைவர் 'கேப்டன்' சென்னகிருஷ்ணன். மேற்கோள் குறி என்னுடையதல்ல, அவருடைய கையெழுத்திலேயே உண்டு. அலையைக் கண்டால் அவருக்குக் குமட்டும். ஆகவே ஆராய்ச்சியைக் கடலின் தொந்தரவு இல்லாத இடத்தில் நடத்துவது என்று தீர்மானம் ஆயிற்று. குளுகுளு ஓசூர் தேர்வானது. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் ஏறினால் பெங்களூர் கிளப்புக்குப் போய்விடலாம் என்பதைக் கோப்பில் எழுத முடியாது. 'எதிரிக் கப்பல்கள் எளிதில் அணுக முடியாத இடம்' என்று எழுதினோம். உண்மையும் அதுதானே.

கெலமங்கலம் சாலையில், நாராயணப்பன் வெங்கடம்மாள் தம்பதியின் ராகிக் கொல்லை நல்ல சமதளமாக இருந்தது. அதில் கப்பல் தளத்தின் அதே நீள அகலத்துக்குக் களிமண் கொட்டி, ரோலர் ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டோம். நடுவில் ஒரு புளியமரம் நின்றது. புகைபோக்கி தளத்தின் நடுவில் இருக்கக் கூடாது, ஓரத்துக்கு மாற்ற வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. மரம் ஓரத்துக்கு வர மறுத்ததால் வெட்டப்பட்டது.

நிலத்தை நாங்கள் பிடுங்கிக்கொள்ளவில்லை. 'தற்காலிகமாக' எடுத்துக்கொண்டோம். சோதனை தோற்றால் நிலம் உடனே திரும்பும், வென்றால் தேசத்துக்குத் தேவைப்படும் என்று கேப்டன் விளக்கினார். வெங்கடம்மாளின் கவலையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

"ஆடி வெதப்புக்கு முன்ன தோத்துருவீங்களா சாமி?" என்று கேட்டாள்.

கேப்டன் அதை ராஜத்துரோகமாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய மனது.

விமானம் கேட்டு மேலிடத்துக்கு எழுதியதற்கு, இறங்க இடம் இருப்பதை நிரூபித்தால் அனுப்புவதாகப் பதில் வந்தது. நிரூபிக்க விமானம் வேண்டும். இந்தச் சிக்கலைக் குழு ஒரே கூட்டத்தில் அவிழ்த்தது. கிருஷ்ணகிரி மாங்காய் லாரி ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி கட்டி, 'விமானம்' என்று பெயின்டால் எழுதினோம். டிரைவர் எல்லப்பன் விமானியானார். முழு வேகத்தில் வந்து தளத்தில் ஏற வேண்டும். பிரேக்கைத் தொடாமல், வேகம் தானே அடங்கி, எதிர்க்கோட்டுக்குள் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. வாராவாரம் ஓடிய லாரி, வாராவாரம் கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கொள்ளுக்காட்டில் போய் விழுந்தது. ஒவ்வொரு முறையும் 'விமானம் கடலில் வீழ்ந்தது, விமானி நீந்திக் கரை சேர்ந்தார்' என்று பதிவு செய்தேன். எல்லப்பன் கொள்ளுச் செடியை உதறிக்கொண்டு வருவார். கேப்டன் சோர்ந்துபோனார். மார்கழியில் கடைசிச் சோதனை, அதிலும் தோற்றால் கப்பலைக் கலைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. வெங்கடம்மாள் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒரு காரியம் செய்துவிட்டாள். கப்பலுக்கு வெளியே அவர்களுக்கு மிச்சம் விட்டிருந்த துண்டில் விளைந்த ராகியை அறுத்து வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் ராகியை அறுத்தால் பெங்களூர் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் கதிரிலிருந்து தவசம், அதாவது தானியம், உதிர்ந்துவிடும். இங்கே வீட்டு வாசலிலேயே வழவழவென்று தளம் கிடக்கிறது, சும்மா ஓடுகிற லாரியும் இருக்கிறது. ரோடு வரைக்கும் யார் சுமப்பது? விடியற்காலையில் தளம் முழுக்க ராகிக் கதிரைப் பரப்பிவிட்டாள்.

கூட்டிப் பெருக்க நேரமில்லை. கொடி அசைந்தது. 'விமானம்' சீறிக்கொண்டு வந்தது. தளத்தில் ஏறியதும் சாதுவானது. அசைந்து அசைந்து ஊர்ந்து, கோட்டுக்கு வெகு முன்பாகவே நின்றது. நின்றதோடு விடாமல், பின்னுக்குப் போய் இன்னொரு தரமும் கதிர்மேல் ஏறியது.

கேப்டன் ஓடிப்போய், பிரேக் போட்டாயா என்று கேட்டார்.

"பழக்க தோசத்துல கால் போயிடுச்சுங்க. ராகி மேல வேகமா போவக்கூடாதுங்க. தவசம் செதறிடும்" என்றார் எல்லப்பன்.

கேப்டன் கண் கலங்கிவிட்டார். விஞ்ஞானம் சில சமயம் இப்படித்தான் கதவைத் தட்டும். 'தளத்தில் தானியம் பரப்பப்படின், விமானி தன்னியல்பாக வேகத்தைக் குறைக்கிறார். இயந்திரத் தடுப்பு எதுவும் அவசியமில்லை. எதிரி நாட்டு விமானிகளிடம் இந்த நற்பண்பு இருப்பதற்கு ஆதாரமில்லை' என்று அறிக்கையைச் சொல்லச் சொல்ல எழுதினேன். சோதனை மகத்தான வெற்றி. அன்று எல்லோருக்கும் கேசரி கொடுத்தோம். வெங்கடம்மாளுக்கும் ஒரு இலையில் வைத்து, நிலம் இனி நிரந்தரமாகத் தேசத்துக்கு என்ற நற்செய்தியையும் நானே சொன்னேன். அவள் கேசரியைத் தொடவில்லை. தெலுங்கில் ஏதோ சொன்னாள். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்றாலும், அதை எழுத முடியாது.

வைகாசி மழை பெய்தது. சிதறிக்கிடந்த ராகி தளமெங்கும் முளைத்துப் பச்சென்று நின்றது. போர்க்கப்பலில் களை கூடாது. பிடுங்க ஆள் வேண்டும். குழு மனிதாபிமானத்தோடு வெங்கடம்மாளையே கூலிக்கு அமர்த்தியது. பதவியின் பெயர் 'தளப் பராமரிப்பு மாலுமி'. தன் நிலத்தில் தன் ராகியைத் தானே பிடுங்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

பிடுங்கினாள். பிடுங்கியதைத் தூர எறியாமல் மடியில் கட்டிக்கொண்டாள். ஆடி பிறந்ததும், தனக்கு மிச்சமிருந்த அந்தத் துண்டில் நாற்றாக நட்டுவிட்டாள். ஜீப்பில் வந்த கேப்டன் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"கப்பலைச் சுற்றி இதென்ன அம்மா?"

"எங்க கொல்லைங்க."

"கப்பலைச் சுற்றி எங்கேயாவது கொல்லை இருக்குமா? கடல்தான் இருக்கும்."

வெங்கடம்மாள் கையிலிருந்த நாற்றைப் பார்த்தாள். "இதை மட்டுமாச்சும் உட்டுருங்க சாமி. புள்ளைங்க களிக்கு வேணும்" என்றாள்.

கேப்டன் இரக்கமுள்ளவர்தான். ஆனால் கடலில் பயிர் வைக்க விதியில் இடமில்லை. மறுவாரமே அந்தத் துண்டும், கொள்ளுக்காடும் 'கடல் எல்லை' என அளந்து கல் நடப்பட்டது. நாராயணப்பன் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு பெங்களூருக்குக் கல் சுமக்கப் போனார்.

நிஜக் கடலில் அந்தக் கப்பல் கட்டப்படவே இல்லை. ரப்பரால் அழித்த அறைகள் நன்றாகத்தான் இருந்தன என்று மேலிடம் சொல்லிவிட்டது. குழு இப்போது நீர்மூழ்கிக் கப்பல் ஆராய்ச்சிக்காக ஊட்டிக்குப் போயிருக்கிறது. நானும் ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன்.

ஓசூராவது கடலாவது என்று இன்னும் சிலர் சிரிக்கிறார்கள். அவர்களை நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடல் இல்லை என்றால், வெங்கடம்மாள் குடும்பம் எதில் மூழ்கியது?