மணமக்கள் மேல் ஒரு முத்திரை

எங்கள் ஊரின் வரலாற்றை இனி எவருக்கும் முழுமுகமாகக் காட்டுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானித்தேன்.

ஊர் என்றால் புவேர்த்தோ ஆலமோ. உருகுவாய் நதிக்கரையில், மூடிப்போன ஓர் இறைச்சித் தொழிற்சாலையும் மூடத் தெரியாத பல வாய்களும் உள்ள ஊர். நான் எர்மெஸ் லார்ரால்தே, ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவன். சங்கம் என்பது பழைய துறைமுகச் சுங்கச்சாவடியில் ஓர் அறை, சில அலமாரிகள், நிறையப் புகைப்படங்கள், ஒழுகும் கூரை. சனிக்கிழமை மாலையில் திறந்திருக்கும். யாராவது வருவார்கள். வந்தவரை உட்காரவைத்து, நதியில் முதல் படகு வந்ததிலிருந்து ஆரம்பிப்பேன். தொழிற்சாலைப் புகைபோக்கிக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். போனவர் திரும்பி வந்ததில்லை. பரவாயில்லை, வேறு யாராவது வருவார்கள். ஒரு மனிதன் வாரத்தில் ஒரு நாளாவது தடையில்லாமல் பேச வேண்டும். மற்ற நாட்களில் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது.

அந்த ஒரு நாளில்தான் நேலிதா கை வைத்தாள். சங்கத்துக்கு அவள் செயலாளர், எனக்கு மனைவி. இரண்டு இடத்திலும் கடைசி வார்த்தை அவளுடையது. படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னாள். தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்கூடக் கை தூக்கினார்.

"எல்லாத்தையும் இணையத்துல போட்டா அப்புறம் சங்கத்துக்கு யாரு வருவா?" என்றேன் வீட்டில்.

"இப்ப யாரு வர்றா? மழைக்கு ஒதுங்குறவங்கதானே."

"போன வாரம் நல்ல வெயில்ல ஒருத்தர் வந்தாரே."

"அவரு கூரையைப் பாக்க வந்த கொத்தனாரு, கிழவா. பிடிச்சு உக்காரவெச்சுட்டே. கூரை இன்னும் ஒழுகுது."

அவளுக்கு இதில் ஒரு காரியம் இருந்தது. எனக்கும் அது தெரியும். அவளுடைய அம்மா ஒஃபேலியா, தொழிற்சாலையில் டின் அடைக்கும் பிரிவில் வேலை செய்தவள். நேலிதா நடக்கப் பழகும் முன்பே இறந்துபோய்விட்டாள். வீட்டிலிருந்த படங்களைப் பெரிய வெள்ளத்தில் நதி எடுத்துக்கொண்டது. தன் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று நேலிதாவுக்குத் தெரியாது. எங்கள் அலமாரிகளில் தொழிற்சாலை மேலாளர்கள் இருக்கிறார்கள். மேலாளர்களின் நாய்கள் இருக்கின்றன. ஊர் ஸ்டூடியோக்காரர் கொடுத்துவிட்டுப் போன கல்யாணங்கள் இருக்கின்றன. டின் அடைத்த பெண்கள் வேலைக் கோலத்தில் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

"யாரு வீட்டுலயோ ஒரு படம் இருக்கும். நம்ம படம் வெளிய போனாத்தான் அவங்க படம் உள்ள வரும்," என்றாள்.

"கேட்டுப் பாத்தோமே. அறிவிப்பு ஒட்டினோமே. யாரும் கொண்டுவரலியே."

"கொண்டுவந்தா நீ அலமாரியில வெச்சுப் பூட்டிடுவேன்னு பயம். அதைவிட, முதல் படகுலேர்ந்து ஆரம்பிச்சுடுவேன்னு பயம்."

இரண்டாவது பகுதி என் காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

என் திட்டம் இதுதான். படங்களை இணையத்தில் போடுவோம், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் சங்கத்தின் வட்ட முத்திரை இருக்கும். திருட்டுப் போகாமலிருக்க என்று சொல்லிக்கொள்ளலாம். முகம் பார்க்க வேண்டியவர் சனிக்கிழமை நேரில் வரட்டும். நேரில் வந்தால் என் நாற்காலிக்கு எதிரில்தான் உட்கார வேண்டும்.

நேலிதா சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் மாத்தே என்னும் இலைத்தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றியபடி திரையைப் பார்த்தாள்.

"நல்ல யோசனைதான். ஆனா இவ்வளவு சின்னதா இருந்தா போதுமா?"

"சின்னதா இருக்கா?"

"முத்திரையைச் சுத்தி வெட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்களே. கொஞ்சம் பெருசாக்கு. இன்னும் கொஞ்சம். வெக்கப்படாதே."

எங்கள் இல்வாழ்க்கையில் என் யோசனை ஒன்றை அவள் பெரிதாக்கச் சொன்னது அதுவே முதல் முறை. நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் பாராட்டு வாசலில் வந்து நின்றால் என் மூளை தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றுவிடும்.

படங்கள் ஏறின. கல்யாணப் படங்களில் மணமக்கள் மறைந்து, இருவீட்டு அத்தைகள் மட்டும் மிஞ்சினார்கள். பள்ளிக்கூடப் படத்தில் ஆசிரியையைக் காணோம். பிள்ளைகள் அதற்காகத்தான் சிரிப்பதுபோல் இருந்தது. கால்பந்து அணியின் படத்தில் கோப்பையைத் தூக்கிய கைகள் தெரிந்தன, கோப்பை தெரியவில்லை. எங்கள் அணி அதன் பிறகு எதையும் தூக்கியதில்லை. ஊரில் முத்திரை பதிக்க வேண்டும் என்பது என் இளமைக் கனவு. அதை மூக்குகளின் மேல் பதிப்பேன் என்று நினைத்ததில்லை.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு எல்பியா. வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே ஆரம்பித்தாள்.

"எர்மெஸ் ஐயா, எங்க அம்மா அப்பா கல்யாணப் படம் பாத்தேன்."

"எப்படி வந்திருக்கு?"

"அத்தை நல்லா வந்திருக்காங்க. அந்த அத்தையும் எங்கம்மாவும் சாகிற வரைக்கும் பேசிக்கலை. இப்ப உலகம் பூரா அவங்கதான் கல்யாணப் பொண்ணுன்னு நினைக்கும்."

"அது ஒரு பாதுகாப்புக்காகப் போட்டது."

"யாருகிட்டேர்ந்து? எங்கம்மாகிட்டேர்ந்தா?"

"சனிக்கிழமை சங்கத்துக்கு வாங்க. அம்மா முகத்தைக் காட்டுறேன்."

"எங்கம்மாவை நீங்க எனக்குக் காட்டுறதா? எங்க வீட்டுலயே இதைவிட நல்ல படம் இருக்கு. நான் கொண்டுவந்து உங்களுக்குக் காட்டுறேன்."

சனிக்கிழமை மழை. சங்கத்துக்குப் போனால், வாசலிலிருந்து துறைமுகப் பாரந்தூக்கி வரை குடைகள். எல்லோர் அக்குளிலும் பிளாஸ்டிக்கில் சுற்றிய ஏதோ ஒன்று. எல்லோர் முகத்திலும் என் மேல் கோபம். என் மனம் குளிர்ந்தது. கோபத்தோடு வந்தாலும் கூட்டம் கூட்டம்தானே.

உள்ளே போனேன். என் நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மேசை, அதன் மேல் ஸ்கேனர், அதன் பின்னால் நேலிதா. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். தட்டில் மழைநாளுக்கான பொரித்த ரொட்டி, தோர்த்தா, எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த சூட்டோடு.

"இந்த நாற்காலியெல்லாம் யாருது?"

"சர்ச்சோடது."

"எப்ப கேட்டு வெச்சே?"

"நீ முத்திரையைப் பெருசாக்கினியே, அன்னைக்கு."

உட்காரத் தோன்றியது. எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது.

வந்தவர்களிடம் நேலிதா சண்டை போடவில்லை. ஒப்புக்கொண்டாள். "ஆமா, அநியாயம்தான். உங்க படத்தைக் குடுங்க, தெளிவா போட்டுடலாம்." இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டாள். எல்லோரும் பார்க்கும்படி போடலாமா என்று கேட்டாள். ஸ்கேன் செய்ததும் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "இது உங்க வீட்டுலயே இருக்கட்டும். எங்களுக்கு நிழல் போதும்." கோபத்தோடு வந்தவர்கள், வீட்டில் இன்னும் படம் இருப்பதாகச் சொல்லிவிட்டு, கையில் ஒரு தோர்த்தாவோடு போனார்கள்.

தெல்மிரா குடையை மடக்காமலே உள்ளே வந்தாள். தொழிற்சாலைக்குப் பின்தெருவில் தனியாக இருக்கும் கிழவி.

"என் கல்யாணத்துல நான் இல்லைன்னு பேத்தி மொன்தேவிதேயோலேர்ந்து போன் பண்றா. யாரு செஞ்ச வேலை?"

அறை முழுவதும் என்னைக் காட்டியது.

"என்னைப் பிடிக்கலைன்னா நேர்ல சொல்லியிருக்கலாம், எர்மெஸ்," என்றாள்.

அவள் கொண்டுவந்த கல்யாணப் படத்தோடு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. "இது கூடவே வந்துடுச்சு. டின் பிரிவுல நாங்க. தொழிற்சாலை வாசல்ல ஒரு பண்டிகை நாள்ல எடுத்தது."

நேலிதாவின் கை ஸ்கேனர் மேல் அப்படியே நின்றது. எல்லோரிடமும் கேட்டதைத்தான் கேட்டாள். குரல் மட்டும் வேறாக இருந்தது.

"இடமிருந்து வலமா சொல்லுங்க. யாரு யாரு?"

"ரமோனா. பெத்ரோனா. இது நான், அந்த இடுப்பைப் பாரு. இது ஒஃபேலியா."

தலையில் வெள்ளைத் துணி கட்டிய பெண்கள். அதில் ஒருத்தி தலையைச் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நேலிதா வெகுநேரம் பார்த்தாள். "கண்ணை மூடிட்டாங்களே," என்றாள்.

"மூடலை, பொண்ணே. சிரிச்சா உங்கம்மாவுக்குக் கண்ணு காணாமப் போயிடும். தூங்குறான்னு நினைச்சு மேஸ்திரி திட்டுவாரு. அதுக்கும் சிரிப்பா."

நேலிதா சிரித்தாள். கன்னமெல்லாம் ஈரம். கண்ணைக் காணோம். இத்தனை காலம் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்த சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு அவளிடம் போனேன். "இந்தப் படத்தை நானே ஏத்துறேன். முத்திரை இல்லாம."

"அதை அப்பவே ஏத்திட்டேன். நீ மத்ததுலேர்ந்து முத்திரையை எடு."

"எல்லாத்துலேர்ந்துமா?"

"நீதானே ஒட்டினே."

"அப்ப என் சனிக்கிழமை?" சிறுபிள்ளை மாதிரிதான் கேட்டேன்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பேச வேண்டாம்னு யாரு சொன்னா, கிழவா? தாராளமா பேசு. வரிசையில நிக்கிறவங்களுக்கும் பொழுது போகணுமில்ல."

அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். நான் முதல் படகிலிருந்து ஆரம்பித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கூட்டத்தில் பேசியதில்லை. கூட்டம் எனக்கு முதுகைக் காட்டியபடி, ஓரடி ஓரடியாக நேலிதாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.